பூனைக்கு வைத்த சோறு

பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பாதிப் பேர் என் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கடை என்று பலகை எதுவும் மாட்டியதில்லை. ஜார்ஜ் டவுனில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டின் முன்னறையில் நீள மேசைகளும் பெஞ்சுகளும் கிடக்கும். நடுப்பகலில் ஆட்கள் வந்து உட்கார்ந்தால் சோறு, மீன் குழம்பு, ஒரு பொரியல், ரசம். போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தாலும் அம்மா விடமாட்டாள். விரல் இடுக்கு வழியாக இன்னொரு அகப்பை விழும். எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுப் பசியோடு வெளியே போனவர் கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் என் அக்கா சாப்பிடாமல் இருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். பாயான் பாரு பக்கம் வயலாகக் கிடந்த நிலத்தில் ஃபேக்டரிகள் எழும்பிய காலம். அக்காவுக்கு அங்கே வேலை கிடைத்தது. பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. விடியும் முன்னே ஃபேக்டரி பஸ் முச்சந்திக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும், பிற்பகலில் கொண்டுவந்து இறக்கும். அக்கா வேலைக்குப் போனதால் அம்மாவுக்கு அடுப்படியில் கை குறைந்தது. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வாய்ப்பாடு வராத எனக்கு அரிசி அளக்க வந்தது. எத்தனை பேருக்கு எத்தனை படி என்று இன்றைக்கும் பானையைப் பார்த்தே சொல்வேன்.

வேலைக்குப் போன புதிதில் அக்கா நல்ல பூசினாற்போன்ற உடம்புக்காரி. சும்மா வந்த உடம்பா அது? பெரியவள் ஆனபோது உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையுமாக அம்மா மூக்கைப் பிடித்து ஊட்டி வளர்த்தது. முதல் சம்பளங்களைச் சேர்த்து அக்காவுக்கு ஒரு தங்க வளையல் செய்தபோது, பத்தர் சோப்பு போட்டு, விரல்களைச் சேர்த்துப் பிடித்துத்தான் கைக்குள் தள்ளினார். "இனிமே இது கழறாதும்மா, தைரியமாப் போட்டுக்க" என்றார். அம்மாவுக்கு அன்று வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஃபேக்டரியில் அக்காவுக்கு ஒரு சீனத் தோழி கிடைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். அம்மாவின் மீன் குழம்புக்கு அவள் அடிமை. இரண்டு தட்டு சாப்பிடுவாள், மூக்கில் நீர் வழிய மூன்றாவது தட்டும் கேட்பாள். உடம்பு மட்டும் ஈர்க்குச்சி. "இவ திங்கிற சோறு எங்கடி போகுது?" என்று அம்மா தமிழிலேயே கேட்பாள். அந்தப் பெண்ணும் புரிந்தவள்போலச் சிரிப்பாள். அக்கா மட்டும் சிரிக்காமல் அவளுடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது எனக்கு அது வெறும் பார்வைதான்.

பிறகு அக்கா வெள்ளிக்கிழமை விரதம் ஆரம்பித்தாள். முருகனுக்கு என்றாள். அடுத்து செவ்வாய்க்கிழமை. அதற்கு அடுத்து கிருத்திகை, சஷ்டி. தைப்பூசம் நெருங்கியபோது ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் பாலும் பழமும். அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பந்தி பரிமாறும்போது எல்லா ஆட்களிடமும் சொன்னாள். "ஃபேக்டரிக்குப் போற புள்ளைங்க கெட்டுப்போவுதுன்றானுங்க. எங்க வீட்டுல வந்து பாரு" என்பாள். அவர்களும் வாயில் சோற்றோடு "ஆமாக்கா, ஆமாக்கா" என்று தலையாட்டுவார்கள். பக்கத்து வீட்டு அத்தை, ஓயாமல் அழுத கைக்குழந்தையைத் தூக்கிவந்து அக்கா கையால் திருநீறு பூசச் சொன்னார். குழந்தை அன்று தூங்கியதாம். அதன்பிறகு தெருவில் அக்காவுக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையில் கொஞ்சம் எனக்கும் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்குப் புரியாதவையும் இருந்தன. விரதக்காரர்கள் சாமிப் படத்துக்கு முன்னால் உட்காருவார்கள். அக்கா எனக்கு முன்னால் உட்காருவாள். நான் சாப்பிடச் சாப்பிட, "முருங்கக்கா வெந்திருக்கா? புளி சரியா இருக்கா? மீனுல எந்தப் பக்கம் தின்ன?" என்று விசாரிப்பாள். நான் ருசியை விவரித்துச் சொல்லவேண்டும். என்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத ருசியையும் சேர்த்துச் சொல்வேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இன்னொன்று செய்வாள். அந்தத் தங்க வளையலைக் கையோடு மேலே தள்ளிப் பார்ப்பாள். முதலில் மணிக்கட்டைக் கொஞ்சம் தாண்டியது. போகப்போக முழங்கை வரைக்கும் போனது. விளையாட்டு என்று எண்ணி நானும் என் கண்ணாடி வளையலைத் தள்ளுவேன். என்னுடையது அசையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனத் தோழி வாசலிலேயே நின்று கையைத் தட்டினாள். "வாஹ்! சுடா குருஸ்! சந்தேக்லா!" மெலிந்துவிட்டாய், அழகாக இருக்கிறாய் என்று அர்த்தம். அக்காவின் முகம் அன்று விளக்கேற்றியதுபோல் இருந்தது. அதே வாரம், கூடையில் பலகாரம் கொண்டுவரும் மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்போம், அக்காவின் கன்னத்தைத் தொட்டு, "கெனாப்பா குருஸ், நாக்? சாக்கிட்கா?" என்று கேட்டார். ஏன் மெலிந்துவிட்டாய் மகளே, உடம்புக்கு முடியவில்லையா? பக்கத்து வீட்டு அத்தை மண்ணும் மிளகாயும் எடுத்துவந்து சுற்றிப்போட்டு, "எந்தப் பாவி கண்ணோ" என்றார். எனக்குக் குழம்பிப்போய்விட்டது. அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன்.

"மெலியிறது நல்லதாம்மா, கெட்டதாம்மா?"

"வெரதத்துல மெலிஞ்சா நல்லதுலா."

"வெரதம் முடிஞ்சா?"

"முடிஞ்சா தேறிக்குவா. போயி வெங்காயத்த உரி."

தைப்பூசத்தன்று அக்கா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தாள். விரதம் முடிப்பதற்காக அம்மா வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு ஆகிற அளவு சமைத்திருந்தாள். அக்கா பாயசத்தில் விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு, பங்குனி உத்திரம் வரைக்கும் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பங்குனி உத்திரம் வந்தது. அப்போது வைகாசி விசாகம் என்றாள். முருகனுக்கா விசேஷத்துக்குப் பஞ்சம்? அப்பா லாரியோடு துறைமுகத்துக்குப் போய்வருகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே, "பழத்துக்குக் கோவிச்சிக்கிட்டுப் போன முருகனே இத்தன நாளு பட்டினி கெடக்கலயேலா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா லேசில் தோற்கிறவள் இல்லை. பக்தியைப் பக்தியாலேயே மடக்கப் பார்த்தாள். அன்றாடம் வடித்த சோற்றையும் மீன் சேராத குழம்பையும் முதலில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவாள். பிறகு அதே தட்டை அக்காவிடம் நீட்டுவாள்.

"இந்தா, பிரசாதம். வேணான்னு சொன்னா பாவம்."

அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

"பிரசாதம்னா கொஞ்சமாத்தாம்மா எடுக்கணும்."

"எந்த ஐயரு சொன்னாரு?"

"மீதிய தங்கச்சிக்குக் குடு. பிரசாதத்தக் கொட்டக் கூடாது."

இப்படி ஒரு சண்டையை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். இரண்டு பேரும் சாமியைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். நடுவில் இருந்த நான் இரண்டு பேர் சோற்றையும் சாப்பிட்டேன். என் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. "சின்னவ பெரியவளோட சத்தை உறிஞ்சிடுறா" என்று பக்கத்து வீட்டு அத்தை அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கரையில், பாகான் டாலாமிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஃபெரி ஏறி வந்த களைப்பில் மாப்பிள்ளையின் அம்மா விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா காப்பியைக் கொடுத்துவிட்டு நிமிரும்போது அவளுடைய கையைப் பிடித்தார்.

"எங்க, வளையலு நல்லாருக்கே, பாக்கட்டும்."

கையைத் தூக்கியதும் வளையல் தானாகச் சறுக்கி முழங்கைக்குப் போய் நின்றது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார், வளையலை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

"வேல கஷ்டமோ?"

"வெரதம்ங்க," என்றாள் அம்மா. குரலில் பழைய பெருமை இல்லை.

"ஓ. நாங்கல்லாம் மூணு வேளையும் சாப்புடுற ஆளுங்க."

போகும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "இது பெரியவளா இருந்திருக்கலாம்" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா முகம் வேறு மாதிரி இருந்தது. சில நாளில் செய்தி வந்தது. பெண்ணுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

பார்த்தோம். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சீன வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லி, உடம்பில் குளிர்ச்சி ஏறிவிட்டது என்று வேர்களைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். பொமோ என்கிற மலாய் மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுத்துப்பார்த்து, காற்று புகுந்திருக்கிறது என்றார். கோயில் பூசாரி, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றார். இன்றைக்கு இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறதாம். என் மகள் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. அன்று ஒரு பெயரும் இல்லாததால் ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். எல்லாப் பெயருக்கும் அம்மா மருந்து வாங்கினாள்.

ஒருநாள் தட்டை அக்காவின் முன்னால் தள்ளிவிட்டு அம்மா கத்தியேவிட்டாள். "என்னதான்டி ஒனக்கு வேணும்? வாயத் தொறந்து சொல்லித் தொல!"

அக்கா அழவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "என்னப் பாக்காதம்மா. நீ, அப்பா, அத்த, பந்தியில ஒக்காந்திருக்கிற ஆளுங்க, எல்லாரும் என் வாயவே பாக்குறீங்க."

"பாக்காம எப்புடிடி சோறு போடுறது?" என்றாள் அம்மா. அவளுக்கு அது நிஜமாகவே தெரியவில்லை.

அதன்பிறகு ஒரு பிற்பகல் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முச்சந்தியில் மயங்கி விழுந்தாள். பஸ்காரர் இரு கைகளிலும் தூக்கிவந்து பெஞ்சில் படுக்கவைத்தார். "என்னாக்கா இது, தூக்குன மாதிரியே இல்ல" என்றார். அம்மா அக்காவின் தலையைத் தடவினாள். கையோடு ஒரு கொத்து முடி வந்தது. அதைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னாள். "இவ நமக்கு முன்னாடிப் போயிருவா போலருக்கே." அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். சாகிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுத் தாத்தா செத்திருந்தார். ஆனால் அவர் கிழவர். வீடு நிறையச் சோறு இருக்கும்போது ஒருத்தி எப்படிச் சாவாள் என்றுதான் எனக்குக் கணக்கு வரவில்லை.

சில நாள் படுத்திருந்துவிட்டு அக்கா மறுபடி வேலைக்குப் போனாள். அந்த வாரத்தில் ஒரு பிற்பகல். அக்கா வந்து பின்கட்டில் கைகால் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தோம். அம்மா எதற்கோ அங்கே போனவள், போன வேகத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். முந்தானை வாயில் இருந்தது. "என்னாம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல. வெளிய வா" என்று என்னை வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற அஞ்சடி நடைக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்று பானை கழுவும்போது பார்த்தேன். அடிப்பிடித்த சோறு சுரண்டியிருந்தது.

"யாரும்மா சுரண்டுனது?"

"பூன," என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. முருகனுக்குப் படைப்பது நின்றது. அக்காவிடம் யாரும் சாப்பிடு என்று சொல்லக் கூடாது என்று அம்மா எங்களுக்கு உத்தரவு போட்டாள். பகல் பந்தி முடிந்ததும் பானையின் அடியில் கொஞ்சம் சோற்றை விட்டு, மேலே குழம்பும் ஊற்றி, மூடிவைத்துப் பின்கட்டில் வைப்பாள். பூனைக்கு என்பாள். பஸ் வருகிற நேரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அஞ்சடியில் போய் நெத்திலி ஆய உட்கார்ந்துவிடுவாள். அப்பா வீட்டில் இருந்தால் அவருக்கும் வெளியே ஒரு வேலை கிடைக்கும். அக்கா எங்களைத் தாண்டி உள்ளே போவாள். திரும்ப உள்ளே போகும்போது அம்மா வாசலிலேயே பலமாக இருமுவாள். அம்மாவுக்கு இருமல் கிடையாது.

"நம்ம வீட்ல ஏதும்மா பூன?"

"வரும்."

"என்னா நெறம்?"

"ஒன் வாய மூடு. அதான் நெறம்."

எனக்கு அந்தப் பூனைமேல் கோபம் வந்தது. அக்கா சாகப்போகிறாள் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். அக்காவின் பங்கைச் சாமிக்கும் காட்டாமல், அக்காவிடமும் நீட்டாமல், எங்கிருந்தோ வருகிற ஒரு பூனைக்குக் குழம்பு ஊற்றி வைப்பதா? சோறு தினமும் காலியாகிக்கொண்டிருந்தது. வீட்டில் அக்காவுக்காகப் பேச என்னைவிட்டால் ஆள் இல்லை என்று முடிவுசெய்தேன். ஒருநாள் அம்மா அசந்த நேரம், அம்மிக்குழவியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போய்ப் பானை மூடியின்மேல் வைத்தேன். எந்தப் பூனை வந்து தள்ளும், பார்ப்போம்.

அக்கா வந்தாள். எங்களைத் தாண்டி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து அவள் கால்சத்தம் திரும்பி வந்தது. அறைக் கதவு சாத்திக்கொண்டது. அம்மாவின் கை நின்றது. எழுந்து உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"நீயா?"

"பூன திங்குதும்மா... அக்காவுக்கு..."

முடிக்கவிடவில்லை. தொடையில் ஒரு கிள்ளு. அம்மா எங்களை அடித்ததே கிடையாது. அழக்கூட மறந்து நின்றேன். அவள் திரும்பிப்போய்க் குழவியை இறக்கி வைத்தாள். பிறகு நடைவழியில் நின்று, சுவரைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டாள்.

"பூன வந்தா தின்னுட்டுப் போவட்டும்! இந்த வீட்ல யாரும் அதப் பாக்கப் போறதில்ல! எவ்ளோ தின்னுச்சுன்னு யாரும் கேக்கப் போறதும் இல்ல!"

என் கையைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி அஞ்சடியில் உட்கார்ந்தாள். நெத்திலியை எடுத்தாள். தலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு உடம்பைக் குப்பையில் எறிந்தாள். அடுத்ததையும் அப்படியே. மாற்றிப் போடுகிறாள் என்று நான் சொல்லவில்லை. கிள்ளிய இடம் எரிந்தது. தெருவில் ஒரு ரிக்‌ஷா போனது. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப்பார்த்து, "யாரத் திட்டுன?" என்று கேட்டார். "பூனய," என்றாள் அம்மா. அத்தை எங்கள் இருவரையும் ஒருமாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெயில் எங்கள் கால்விரலிலிருந்து சாக்கடை விளிம்புக்கு இறங்கிவிட்டது. அம்மா உள்பக்கம் திரும்பவே இல்லை. காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள்.

கடைசியில் உள்ளே கதவு திறந்தது. பிறகு, பானை மூடியைச் சிமெண்டுத் தரையில் வைக்கிற சத்தம். சின்னச் சத்தம்தான்.

அம்மா என் தொடையில் கிள்ளிய இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டு என் முழங்காலில் விழுந்தது.

"பூன வந்திருச்சும்மா," என்று குசுகுசுத்தேன். "ஓடிப்போயிப் புடிக்கட்டா?"

நெத்திலி நாறுகிற கையால் என் வாயைப் பொத்தினாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூனைக்காக என்னைக் கிள்ளியவள் அதே பூனைக்காக ஏன் இப்படி ஆகிறாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு அந்தப் பூனைமேல் ஏதோ பெரிய பிரியம், அவ்வளவுதான் எனக்கு எட்டியது.

மறுநாள் பந்தி முடிந்ததும், அம்மா பார்க்காதபோது, பின்கட்டுப் பானையில் நானே ஒரு அகப்பை சோறு கூடுதலாகப் போட்டு மூடினேன். அது குட்டி போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.